சமீபத்தில் படித்த நாவல்களும் தன்வரலாறுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போய்வரும் பஸ்ஸில்தான் என் வாசிப்பில் பெரும்பகுதி நடக்கிறது. பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள், ஆபீஸில் உடன் வேலை செய்பவர்கள், தருமபுரியில் இருக்கும் சொந்தக்காரர்கள், புத்தகம் இரவல் வாங்கிப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நிதானமாக ஒரு முறை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என்னென்ன படித்தீர்கள்?

நாவல்களில் பூமணியின் ‘வெக்கை’, ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’, பெருமாள்முருகனின் ‘பூக்குழி’, இமையத்தின் ‘செல்லாத பணம்’, கன்னடத்திலிருந்து வந்த விவேக் ஷான்பாக்கின் ‘காச்சர் கோச்சர்’. தன்வரலாறுகளில் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’, பாமாவின் ‘கருக்கு’, ஏ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’, கன்னடக் கவிஞர் சித்தலிங்கையாவின் ‘ஊரும் சேரியும்’.

எதுவும் போன மாதம் வந்த புத்தகம் இல்லை. சிலவற்றை இப்போதுதான் முதல் முறை படித்தேன், சிலவற்றைத் திரும்பப் படித்தேன். புத்தகம் வந்த வாரமே கருத்துச் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடி சாதாரண வாசகருக்கு இல்லை. அது பெரிய வசதி. சத்தமெல்லாம் அடங்கின பிறகு படித்தால் புத்தகம் மட்டும் நம்மோடு பேசும்.

ஒரு புத்தகம் நல்லதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

நடை வேண்டும், ஆட்கள் நம்பும்படி இருக்க வேண்டும், இதெல்லாம் சரி. நான் முக்கியமாகப் பார்ப்பது வேறு. கதை யார் பக்கம் நிற்கிறதோ, அவருக்கு எதிரே நிற்கிற ஆளை அந்தப் புத்தகம் எப்படி நடத்துகிறது? மருமகளைச் சபிக்கிற மாமியார், தம்பியைப் போட்டு அடிக்கிற அண்ணன், மகளோடு பேச்சை நிறுத்திவிட்ட அப்பா. இவர்களும் காலையில் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டி, ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து, ராத்திரி தூக்கம் வராமல் புரளுகிறவர்கள்தான். அவர்கள் செய்வதற்கு ஒரு காரணம் இருக்கும். தப்பான காரணமாகவே இருக்கட்டும், அதை அவர்கள் வாயாலேயே கேட்க வைக்கிற எழுத்தாளரை நான் நம்புகிறேன். கெட்டவன் கெட்டவனாகவே பிறந்தான் என்று எழுதுகிறவரிடம் எனக்குக் கற்றுக்கொள்ள எதுவும் கிடைப்பதில்லை. அப்படி ஒரு ஆளை நம் ஊரில் நான் பார்த்ததும் இல்லை.

தன்வரலாற்றில் இது இன்னும் கஷ்டம். பேனா ஒருவர் கையில் மட்டும் இருக்கிறது. அதில் வரும் அப்பாவோ வாத்தியாரோ பழைய சிநேகிதரோ எழுந்து நின்று பதில் சொல்ல முடியாது. அவர்களுக்கும் சேர்த்து யோசித்து எழுதியிருக்கிறாரா என்பதை ஐம்பது பக்கத்துக்குள் தெரிந்துகொள்ளலாம்.

‘பூக்குழி’ அவ்வளவு முக்கியமான நாவலா? அதுவும் தருமபுரிக்காரர்கள் ஏன் படிக்க வேண்டும்?

கதை சின்னது. குமரேசன் என்ற பையன் தோலூருக்கு சோடாக் கடை வேலைக்குப் போகிறான். அங்கே சரோஜாவை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு, வீட்டுக்குச் சொல்லாமல் தன் ஊருக்குக் கூட்டிவருகிறான். பாறையும் வறண்ட காடுமாக இருக்கிற ஊர். இவள் என்ன சாதி என்று அன்றைக்கே கேட்கத் தொடங்குகிறார்கள். கடைசிப் பக்கம் வரைக்கும் அந்தக் கேள்வி ஓயவில்லை. 2013-ல் வந்த இந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியல் வரை போனது.

சரோஜாவின் சாதிப் பெயரை நாவல் எங்குமே சொல்வதில்லை. படிக்கிறவர் தானாக ஒரு பெயரை நிரப்பிக்கொள்வார். எந்தப் பெயரை நிரப்பினோம், ஏன் அதை நிரப்பினோம் என்று யோசிக்கும் இடத்தில் புத்தகம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. நம் பக்கத்தில் இந்த நாவலைத் தள்ளி நின்று படிக்க முடியாது. 2012 நவம்பரில் ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி, தருமபுரி பக்கத்து நத்தம் என்ற தலித் காலனியில் வீடுகளை எரித்தார்கள். அடுத்த ஜூலையில் அந்த மாப்பிள்ளை தருமபுரியில் ரயில் பாதை ஓரம் இறந்து கிடந்தார். நாவல் அந்த இளைஞருக்குத்தான் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. தருமபுரியில் இந்தப் புத்தகத்தை என்னிடம் வாங்கிப் படித்தவர்கள் பலர், திருப்பித் தரும்போது நடையைப் பற்றி, சோடாக் கடையைப் பற்றி, வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். மற்றதைப் பேசுவதில்லை.

இதில் எனக்கு மறக்காத ஆள் குமரேசனின் அம்மா மாராயி. புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாகப் பையனை வளர்த்தவள். அவள் ஒப்பாரி மாதிரி இழுத்து இழுத்துத் திட்டுவது பக்கம் பக்கமாக வருகிறது. படிக்கப் படிக்க எரிச்சல் வரும். ஆனால் அந்தத் திட்டுக்கு அடியில் இருக்கும் பயமும் காதில் விழும். ஊர் ஒதுக்கி வைத்துவிட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. இத்தனை நாள் அந்த ஊர் கொடுத்த கொஞ்சநஞ்ச மரியாதையில்தான் அவள் பிழைத்தாள். கொடுமை செய்கிறவளுக்கு இவ்வளவு குரல் கொடுத்தும், அவள் செய்வது சரிதானோ என்று ஒரு நிமிடம்கூட நம்மை நினைக்க விடவில்லை. அது லேசில் வருகிற கை இல்லை.

ஒரு குறையும் உண்டு. மாராயிக்குக் கிடைத்த அளவு இடம் சரோஜாவுக்குக் கிடைக்கவில்லை. அவள் பயந்துகொண்டும் காத்துக்கொண்டுமே இருக்கிறாள். தோலூரில் அப்பா, அண்ணனோடு இருந்த காலத்தில் அவள் சிரித்தது, கோபப்பட்டது, ஆசைப்பட்டது எல்லாம் இன்னும் கொஞ்சம் வந்திருந்தால் இழப்பின் கனம் கூடியிருக்கும்.

‘செல்லாத பணம்’ படிக்கவே முடியவில்லை, பாதியில் மூடிவிட்டேன். மறுபடி எடுக்கலாமா?

எடுங்கள். ஆனால் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வேண்டாம்.

தலைமை ஆசிரியர் நடேசனின் மகள் ரேவதி, இன்ஜினியரிங் படித்தவள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பையன், ஆட்டோ ஓட்டுகிற ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். வீடு ஒதுங்கிக்கொள்கிறது. பிறகு ஒருநாள் அவள் தீக்காயத்தோடு இருக்கிறாள் என்று செய்தி வருகிறது. அங்கிருந்து நாவலின் பெரும்பகுதி புதுச்சேரி ஜிப்மரின் தீக்காயப் பிரிவிலும் அதற்கு வெளியே காத்திருக்கும் கூட்டத்திலும்தான் நடக்கிறது. அதே அழுகை, அதே கேள்வி, அதே டீ, அதே டாக்டர் பதில் திரும்பத் திரும்ப வரும். நீங்கள் மூடி வைத்தது அந்த இடமாக இருக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கூட்டி எழுதியது இல்லை என்று தெரியும். அங்கே நேரம் அப்படித்தான் நகரும்.

எனக்கு நாவலின் உச்சம் ரவி வாய் திறந்து நீளமாகப் பேசும் இடம். அதுவரை எல்லோரும் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள், சபிக்கிறார்கள், போலீஸில் சொல்லலாமா என்று ஆலோசிக்கிறார்கள். பிறகு அவன் பேசுகிறான். அந்த வீட்டார் தன்னை எப்படிப் பார்த்தார்கள், ஒரு வார்த்தை பேசினார்களா, வாசற்படி ஏற விட்டார்களா என்று கேட்கிறான். அவன் நல்லவனாகிவிடுவதில்லை. அவன் அடித்தது அடித்ததுதான். ஆனால் நடேசன் வீட்டின் மௌனமும் அந்தத் தீயில் ஒரு பங்கு என்பது அந்தப் பேச்சுக்குப் பிறகு மறைக்க முடியாததாகிவிடுகிறது. என்ன நடந்தது என்பதை நாவல் உறுதியாகச் சொல்லாமல் விடுவதை நான் ஏற்றுக்கொள்கிறேன். நிஜத்திலும் அந்த அறைக்குள் நடந்தது வெளியே வருவதில்லை.

சில இடங்களில் ஆண் பெண் உறவைப் பற்றி ஆட்கள் பொதுவாகப் பேசத் தொடங்கும்போது மட்டும் பேச்சு, பிரசங்கம் மாதிரி நீண்டுவிடுகிறது. அங்கே நான் வேகமாகப் பக்கம் திருப்பினேன். 2020-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல் இது.

எதிரே நிற்பவரையும் காட்ட வேண்டும் என்கிறீர்கள். ‘சோளகர் தொட்டி’யில் போலீஸ் பக்கம் ஒன்றுமே இல்லையே, அதை எப்படி உயர்த்திப் பிடிக்கிறீர்கள்?

என்னிடம் வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி இதுதான். கேட்டவர் பென்னாகரம் பக்கத்துக்காரர், வீரப்பன் தேடுதல் காலத்தைச் சின்ன வயதில் பார்த்தவர்.

ச. பாலமுருகன் வழக்கறிஞர், மனித உரிமை வேலைகளில் இருப்பவர். 2004-ல் வந்த நாவல். தமிழக–கர்நாடக எல்லைக் காட்டில் சோளகர் என்ற பழங்குடி மக்களின் ஒரு தொட்டி, அதாவது சின்னக் குடியிருப்பு. முதல் பாதியில் அவர்கள் வாழ்க்கை: ராகி விதைப்பு, தேன் எடுப்பது, சாமி கும்பிடு, ஆட்டம், குடி, கல்யாணம், நிலத்தை வெளியாட்கள் காகிதத்தைக் காட்டிப் பிடுங்குவது. இரண்டாம் பாதியில் இரண்டு மாநில அதிரடிப்படைகளும் வீரப்பனைத் தேடி உள்ளே வருகின்றன. சிவண்ணாவும் மாதியும் மற்றவர்களும் முகாம்களில் படுவதை இங்கே நான் திரும்ப எழுதப் போவதில்லை.

போலீஸ்காரர்களுக்கு இந்த நாவலில் வீடு கிடையாது, மனது கிடையாது. அது உண்மை. நான் வைத்திருக்கும் அளவுகோல்படி இது குறையாகத்தான் தெரிய வேண்டும். அப்படித் தெரியவில்லை. ஏனென்றால் அந்தப் பக்கத்துக்குச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்ததே இல்லை. அறிக்கை இருந்தது, பத்திரிகை இருந்தது, பதக்கம் இருந்தது. 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி பக்கம் வீரப்பன் சுடப்பட்டபோது நாடு முழுக்க அந்தக் கதையைக் கேட்டது. அதிரடிப்படைக்குத் தலைமை தாங்கிய கே. விஜயகுமாரே 2017-ல் தன் தரப்பை ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். அதையும் படியுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணைக் கட்டிக் கொண்டுபோகப்பட்டவளுக்குத் தன்னை அடித்தவனின் வீட்டு நிலைமை தெரிய வாய்ப்பே இல்லை. அவள் நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்ததோ அதைத்தான் நாவல் காட்டுகிறது. பலம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே அளவு பக்கம் ஒதுக்குவது நியாயம் ஆகாது. எதிராளிக்கு இடம் வேண்டும் என்று நான் கேட்பது, இதுவரை இடமே கிடைக்காத ஆட்களை மனதில் வைத்துத்தான்.

இதெல்லாம் மிகைப்படுத்தி எழுதியது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அரூர் பக்கம் வாச்சாத்தி என்ற ஊருக்குப் போனால் போதும். நாவல் நடப்பது வாச்சாத்தியில் இல்லை, அது வேறு சம்பவம், வேறு மக்கள். ஆனால் காலமும் காரணமும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்து ஊர் மக்களை அடித்தார்கள், பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் அவர்களில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. முப்பது வருடத்துக்கு மேல். அந்தப் பெண்கள் சொன்னதையும் ஆரம்பத்தில் யாரும் நம்பவில்லை.

இரண்டாம் பாதிக்குச் சீக்கிரம் போகலாம் என்று முதல் பாதியைத் தள்ளிப் படிக்காதீர்கள். தேனும் ராகியும் ஆட்டமும் மனதில் தங்கியிருந்தால்தான் பிறகு எதை அழித்தார்கள் என்று தெரியும்.

‘அசுரன்’ பார்த்துவிட்டேன். ‘வெக்கை’ படிக்க வேண்டுமா?

கட்டாயம். 1982-ல் வந்த நாவல், அதிலிருந்து எடுத்த ‘அசுரன்’ படம் 2019. படத்தில் வரும் பெரிய முன்கதை நாவலில் அந்த உருவத்தில் கிடையாது. அண்ணனைக் கொன்ற வடக்கூரானைப் பதினைந்து வயசுப் பையன் சிதம்பரம் வெட்டிவிடுகிறான், அப்பாவும் மகனும் எட்டு நாள் காடு மேடாக ஒளிந்து திரிகிறார்கள். அவ்வளவுதான். இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் சாப்பிடுவது. எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைச் சுட்டுத் தின்னலாம், புகை வெளியே தெரியாமல் எப்படிச் சமைப்பது என்று அப்பா சொல்லிக் கொடுத்துக்கொண்டே போகிறார். கொலைக்குப் பிறகுதான் அந்தப் பையனுக்கு அப்பா யாரென்று தெரிகிறது. பையன் சாவை நோக்கமாக வைத்துப் போகவில்லை, கையை வெட்டத்தான் போனான். அந்த ஒரு தகவலை வைத்துப் பூமணி நாவல் முழுக்க அவனை உறங்க விடாமல் வைத்திருக்கிறார்.

வட்டார வழக்கு கரிசல் காட்டுடையது. நம் பக்கத்தவர்களுக்கு முதல் இருபது பக்கம் தடுக்கும். பிறகு பழகிவிடும்.

‘காச்சர் கோச்சர்’ ரொம்பச் சின்னப் புத்தகமாக இருக்கிறதே, அதில் என்ன?

பெங்களூரில் ஒரு குடும்பம். அப்பா விற்பனைப் பிரதிநிதி, எறும்பு மொய்க்கிற சின்ன வீடு, எண்ணி எண்ணிச் செலவு. அப்பா வேலை போகிறது, சித்தப்பா மசாலா வியாபாரம் தொடங்குகிறார், பணம் வருகிறது. பணம் வந்த பிறகு அந்தக் குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து எப்படி மாறுகிறது என்பதுதான் கதை. கே. நல்லதம்பி தமிழில் தந்திருக்கிறார்.

ஓசூரில் வேலை பார்க்கிறவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கம்பெனிகள் வந்து, நிலத்தின் விலை ஏறி, ஒரே தலைமுறையில் ஓட்டு வீட்டிலிருந்து மூன்று மாடிக்குப் போன குடும்பங்கள் நம்மைச் சுற்றி எத்தனை! அந்த வீடுகளுக்குள் யார் பேச்சு எடுபடுகிறது, யாரை யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை, வெளியிலிருந்து வந்த மருமகள் ஒரு கேள்வி கேட்டால் என்ன ஆகிறது என்பதை இவ்வளவு மெல்லிய குரலில் எழுதி நான் படித்ததில்லை. கதை சொல்கிறவனின் மனைவி அனிதா. கதை சொல்லப்படும் நேரத்தில் அவள் வீட்டில் இல்லை. இல்லாமலேயே அவள்தான் எல்லாப் பக்கங்களிலும் இருக்கிறாள்.

தன்வரலாறு நடந்தது, நாவல் கற்பனை. அப்படியானால் தன்வரலாற்றைத்தானே நம்ப வேண்டும்?

நடந்ததைத்தான் எழுதுகிறார்கள், ஆனால் நடந்ததில் எதை எழுதுவது என்று தேர்ந்தெடுக்கிறவரும் அவரேதான். விட்டுப்போனது நமக்குத் தெரியாது. நாவலாசிரியருக்கு அந்தச் சிக்கல் இல்லை. தன் சொந்த மானத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்பதால் சில உண்மைகளை அவர் தாராளமாகச் சொல்லிவிட முடிகிறது. இரண்டையும் நான் படிப்பது இரண்டு விதமான நம்பிக்கையோடு. நாவலில் ஒரு ஆள் இப்படிச் செய்வாரா என்று கேட்டுக்கொள்வேன். தன்வரலாற்றில், இதை எழுதும்போது இவருக்கு வலித்திருக்குமா என்று பார்ப்பேன். வலிக்காமல் எழுதின தன்வரலாறுகள் பெரும்பாலும் பாராட்டு மடல்கள்தான்.

‘என் சரித்திரம்’ தலையணை மாதிரி இருக்கிறது. எங்கே தொடங்குவது?

முதல் பக்கத்திலேயே. ஆனால் ஒரே மூச்சில் படிக்க முயல வேண்டாம். ‘ஆனந்த விகட’னில் 1940 முதல் வாராவாரம் தொடராக வந்தது அது. உ.வே.சா. 1942-ல் காலமானபோது முடியாமல் நின்றது. வாரத் தொடருக்கு எழுதியதால் அத்தியாயங்கள் கையடக்கமானவை, ஒரு பஸ் பயணத்துக்கு இரண்டு மூன்று போகும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பதிப்பித்த பெரியவரின் பெருமைக் கதை என்று நினைத்துப் பலர் தொடுவதில்லை. புத்தகத்தில் அவரைவிட அதிகம் இருப்பவர் அவருடைய ஆசிரியர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1871-ல் மாயூரத்தில் அவரிடம் போய்ச் சேர்கிறார் இந்தப் பதினாறு வயசுப் பையன். ஆசிரியர் உடனே தானே பாடம் சொல்லவில்லை, முதலில் இன்னொரு மாணவரிடம் அனுப்புகிறார். பையன் ஏங்கிப் போகிறான். கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தான், ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை, விட்டுவிடுகிறான். அப்பா சங்கீதக்காரர், அவர் ஆசையே அதுதான். ஆசிரியருக்குக் கடன் தொல்லை, சாப்பாட்டுக்கே திண்டாடிய நாட்கள். எல்லாமே எழுதியிருக்கிறார். தெய்வமாக மதித்த ஒருவரின் கஷ்டத்தையும் விருப்பு வெறுப்பையும் மறைக்காமல் எழுதி, அதே சமயம் ஒரு சொல்லில்கூட மரியாதை குறையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இதுதான் தன்வரலாற்றின் உச்சம்.

நம் பக்கத்தவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் உ.வே.சா. தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எல்லாவற்றையும் அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் 1887-ல் சிந்தாமணிப் பதிப்பு, பிறகு 1894-ல் புறநானூற்றுப் பதிப்பு எல்லாம். தகடூர் அதியமானும் ஔவையும் வரும் பாட்டுகளை இன்று தருமபுரிப் பிள்ளைகள் ஒப்பிப்பது அந்தப் பதிப்பின் வழியாகத்தான். தன்னை மடக்கியவருக்கு இவ்வளவு பெரிய இடம் கொடுத்து, என் படிப்பு அதுவரை அரைகுறைதான் என்று வெளிப்படையாக எழுத எத்தனை பேருக்கு மனசு வரும்? வறண்ட பகுதி என்றால் பதிப்பு வேலைகளை விவரிக்கும் பின்பகுதியில் சில அத்தியாயங்கள். அங்கே ஏடு தேடி ஊர் ஊராகப் போகும் இடங்களைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

‘ஊரும் சேரியும்’, ‘கருக்கு’, ‘வெள்ளை மொழி’ மூன்றும் துயரக் கதைகள்தானே?

‘ஊரும் சேரியும்’ சிரிக்க வைக்கும். சித்தலிங்கையா கர்நாடகத்தில் தலித் சங்கர்ஷ சமிதியைத் தொடங்கியவர்களில் ஒருவர், 2021-ல் காலமானார். பாவண்ணன் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார். புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி: ஏரில் மாட்டுக்குப் பதில் மனிதர்களைப் பூட்டி ஓட்டுகிறார்கள், அதைப் பார்த்து நிற்கும் சிறுவனின் அப்பா அந்த நுகத்தடியில் இருக்கிறார். இதை எழுதிவிட்டு அழவில்லை, சபிக்கவில்லை. அடுத்த பக்கமே பேய்க் கதை, விடுதிப் பையன்களின் சேட்டை என்று போய்விடுகிறார். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்தில் கன்னடம் பேசும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிரிப்பு ரொம்பப் பழக்கமாக இருக்கும். கையறு நிலையில் இருப்பவர்கள் சிரிப்பதை ஏமாளித்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இந்தப் புத்தகத்தில்தான் தெளிவாகப் புரிந்தது.

‘கருக்கு’ 1992-ல் வந்தது. பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சின்னப் பெண் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பிறகு அண்ணன் காரணம் சொல்கிறார்: இவர் தொட்டால் தீட்டு என்று நினைக்கிற சாதிக்காரருக்குக் கொண்டுபோகிற வடை அது. சிரிப்பு நின்றுவிடுகிறது. இந்த ஒரு இடத்துக்காகவே யாரிடமும் இந்தப் புத்தகத்தைக் கொடுப்பேன். வருட வரிசைப்படி போகாமல், பேச்சு வழக்கில், நினைத்த இடத்துக்குத் தாவித் தாவிப் போகிறது. கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்த பாமா, மடத்தைப் பற்றி எழுதும் பகுதிகளில் கோபம் தணியவே இல்லை. தணிந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

‘வெள்ளை மொழி’ திருநங்கை ரேவதியின் வாழ்க்கை. நாமக்கல் பக்கத்துக் கிராமம், லாரித் தொழில் செய்கிற குடும்பம். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் வளர்ந்த யாருக்கும் அந்த வீட்டின் சத்தம் தெரியும். அண்ணன்கள் அடிக்கிறார்கள், ஓடிப்போகிறார், டெல்லி, மும்பை, பெங்களூர் என்று அலைகிறார், ஆனால் வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வருகிறார். என்னை உலுக்கியது அந்தத் திரும்பி வருதல்தான். அம்மா அப்பாவைக் கொடுமைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட்டு எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. வயதான காலத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்வதை, சொத்துத் தகராறில் பட்ட அவமானத்தை, நடுவே கிடைத்த கொஞ்சம் பாசத்தை எல்லாம் ஒரே தொனியில் எழுதுகிறார்.

எந்த மாதிரிப் புத்தகத்தைப் பாதியில் விடுவீர்கள்?

திறந்து வைத்த கட்டடங்கள், போர்த்திய சால்வைகள், கூட எடுத்த போட்டோக்கள் என்று போகும் தன்வரலாறுகளை. பெயர் சொல்ல வேண்டியதில்லை, எல்லா நூலகத்திலும் ஒரு அலமாரி இருக்கிறது. அப்புறம், கிராமத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று கிராமத்து ஆட்களை எல்லாம் வெள்ளந்தியாகவே காட்டும் நாவல்களை. பாலக்கோட்டில் தக்காளி விற்கப் போகிற ஒரு அம்மாவிடம் ஐந்து நிமிடம் பேரம் பேசிப் பார்த்தால், அவர் எவ்வளவு கணக்குத் தெரிந்தவர் என்று புரியும்.

நம் மாவட்டங்களைப் பற்றிய நாவல்கள் ஏன் பட்டியலில் இல்லை?

ஓசூரில் இருந்து எழுதுகிற முக்கியமானவர்கள் இருக்கிறார்கள். பா. வெங்கடேசனின் ‘தாண்டவராயன் கதை’ பெரிய நாவல், அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆதவன் தீட்சண்யாவின் கதைகளும் ‘மீசை என்பது வெறும் மயிர்’ நாவலும் உண்டு. ஆனால் நான் தேடுகிற சில கதைகள் இன்னும் என் கைக்கு வரவில்லை. மாங்கூழ் தொழிற்சாலையில் சீசனுக்கு மட்டும் வேலைக்குப் போகிற பெண்கள், ஓசூர் கம்பெனிகளில் ஒப்பந்தத் தொழிலாளியாகவே வயதாகிப்போகிறவர்கள், கிரானைட் குவாரி, திங்கட்கிழமை விடியற்காலை பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்புகிற பென்னாகரத்துக் குடும்பங்கள். குவாரி முதலாளிக்கும் ஒரு அத்தியாயம் கொடுத்து யாராவது எழுத வேண்டும். எழுதுகிற கை நம் ஊரில் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

முதலில் மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகத்திலும் கேளுங்கள். இல்லை என்றால் வேண்டுகோள் எழுதிக் கொடுங்கள், சங்கடப்பட வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் புத்தகக் கண்காட்சிகளில் நான் மேலே சொன்ன தமிழ் நாவல்கள் பெரும்பாலும் கிடைக்கும். அவசரம் என்றால் பதிப்பகங்களுக்கே போன் செய்தால் தபாலில் அனுப்பிவிடுவார்கள்.

பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு இவற்றில் எதை முதலில் கொடுக்கலாம்?

‘ஊரும் சேரியும்’. அடுத்து ‘கருக்கு’, பிறகு ‘வெக்கை’. ‘செல்லாத பணம்’ நாவலை அவளுக்கு முன்னால் அவளுடைய அப்பா அம்மா படிக்கட்டும்.